கல்லீரல் கேன்சருக்கு 'கரண்ட்' வைக்க முடியாதா? டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்? (நீண்ட இழை)

1/
"கல்லீரல் கேன்சருக்கெல்லாம் கரண்ட் வைக்க மாட்டாங்க. கல்லீரல் தாங்காது."

இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், வாட்ஸ்அப் சொல்லுது, சில சமயம் டாக்டர்களே சொல்றாங்க. 30 வருஷத்துக்கு முன்னாடி இது சரியான பேச்சு. இன்னிக்கு இது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை முழு பதிலா வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க என்பதற்குத்தான் இந்த இழை.

2/
முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். நான் கதிர்வீச்சு மருத்துவம் பார்க்கிறவன். கடைக்காரர் தன் சரக்கைத்தான் உசத்தியா பேசுவார். அதனால எங்கெல்லாம் கதிர்வீச்சு வேண்டாம் என்பதையும் அதே அழுத்தத்தோட சொல்றேன். "எல்லாரும் கரண்ட் வெச்சுக்கோங்க" என்பது என் கருத்து இல்லை. "அதைப் பத்திப் பேசாமலே முடிவெடுக்காதீங்க" என்பதுதான் என் கருத்து.

3/
கரண்ட் வைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்றது ரேடியோதெரபியை. உடம்புக்குள்ள மின்சாரம் போறதில்லை. ஷாக் அடிக்காது, சுடாது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுத்திருக்கணும், அவ்ளோதான். மெஷின்ல இருந்து வர்றதும் ஒரு வகை எக்ஸ்ரேதான், ஆனா சக்தி பல மடங்கு அதிகம். வயித்துல வைக்கிற கரண்டால தலைமுடி கொட்டாது. மெஷின் சிகிச்சை முடிஞ்சு வெளியே வந்ததும் உங்க உடம்புல கதிர்வீச்சு எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்காது. பேரக்குழந்தையைத் தாராளமா தூக்கலாம்.

4/
அடுத்து, "கல்லீரல் கேன்சர்" என்ற ஒரே பேரில் ரெண்டு வேற வேற நோய் உலாவுது.

ஒன்னு: குடல், மார்பகம், கணையம்னு வேற எங்கேயோ ஆரம்பிச்சு கல்லீரலுக்குப் பரவினது.
இன்னொன்னு: கல்லீரல்லயே பிறந்தது. இதில் மிக அதிகமா பார்ப்பது ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா, சுருக்கமா எச்சிசி.

ரெண்டுக்கும் வைத்தியம் வேற. உங்க ரிப்போர்ட்டில் இருப்பது எதுன்னு தெரியாம யார் சொல்ற அனுபவத்தையும் உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீங்க. இந்த இழையில் நான் பேசப்போறது பெரும்பாலும் எச்சிசி பற்றி.

5/
எச்சிசி வர்றவங்கள்ல பெரும்பாலானவர்களுக்கு ரெண்டு நோய் சேர்ந்தே இருக்கும். ஒன்னு கட்டி. இன்னொன்னு, அந்தக் கட்டி வளர்ந்த நிலம், அதாவது சுருங்கிப்போன கல்லீரல், சிரோசிஸ். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, குடி, சர்க்கரையோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வர்ற கொழுப்புக் கல்லீரல், இதில் ஏதோ ஒன்னு வருஷக்கணக்கா அரிச்சிருக்கும்.

விரிசல் விட்ட மண்சுவர் வீட்டில் தீப்பிடிச்ச மாதிரி. தீயை அணைச்சே ஆகணும். ஆனா தண்ணியை வேகமா அடிச்சா சுவரே விழுந்துடும். கல்லீரல் கேன்சர் வைத்தியத்தோட மொத்தக் கஷ்டமும் இதுதான்.

6/
அதனால "எத்தனையாவது ஸ்டேஜ் டாக்டர்?" என்பதற்கு முன்னாடி கேட்கவேண்டிய கேள்வி ஒன்னு இருக்கு: "கல்லீரல் எப்படி வேலை செய்யுது?"

இதுக்கு சைல்டு-பியூ என்ற மதிப்பெண் முறை இருக்கு. பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயித்துல நீர், மூளை மந்தம் என்ற அஞ்சு விஷயத்துக்கு மார்க் போடுவாங்க. 5-6 வந்தா ஏ. 7-9 வந்தா பி. 10-15 வந்தா சி. பரீட்சை மாதிரி இல்லை, இங்க மார்க் குறைஞ்சாதான் நல்லது. ஏ என்றால் பல கதவுகள் திறந்திருக்கு. சி என்றால் மாற்றுக் கல்லீரல் தவிர மத்த கதவுகள் பெரும்பாலும் மூடிடும். இந்த எழுத்தை உங்க ஃபைலில் எழுதி வாங்கிக்கோங்க.

7/
இப்ப பழைய "முடியாது"வுக்கு வருவோம். முன்னாடி கல்லீரலில் கட்டி இருக்கிற இடத்தை மட்டும் குறிவைக்கத் தெரியாது. முழு கல்லீரலுக்கும் சேர்த்துத்தான் கதிர் விழும். முழு கல்லீரல் தாங்குற அளவு சுமார் 30 கிரே. (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) கட்டியை அழிக்க அந்த அளவு போதாது. அதைத் தாண்டினா ரெண்டு வாரத்திலிருந்து நாலு மாசத்துக்குள்ள வயித்துல நீர் கோத்து, கல்லீரல் செயலிழந்து, சிலர் இறந்தாங்க. கட்டி சாகுறதுக்கு முன்னாடி கல்லீரல் செத்துச்சு. அந்தக் காலத்து டாக்டர்கள் "வேண்டாம்" என்றதில் தப்பே இல்லை.

8/
மாறினது என்ன? குறிபார்க்கிற திறமை.

கல்லீரல் ஒரு இடத்துல நிக்காது. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு சென்டிமீட்டர், ரெண்டு சென்டிமீட்டர் மேலும் கீழுமா நகரும். இன்னிக்கு அந்த நகர்வையே சிடி ஸ்கேனில் படம் பிடிக்கிறோம். மூச்சை அடக்கச் சொல்றோம், இல்ல வயித்தை ஒரு பட்டையால் லேசா அழுத்துறோம், இல்ல கட்டி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் கதிரை விடுறோம். ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்கு முன்னாடி மெஷின்லயே ஸ்கேன் எடுத்து சரிபார்க்கிறோம். பல கோணத்திலிருந்து மெல்லிசா வர்ற கதிர்கள் கட்டியில் மட்டும் குவியும்.

9/
இப்படிச் செய்யறதுக்குப் பேர் எஸ்பிஆர்டி. வழக்கமா 3 முதல் 5 தடவை. மொத்தம் 30 முதல் 50 கிரே வரைக்கும். அட்மிஷன் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம்.

ஆனா ஒரு நிபந்தனை உண்டு. கட்டி போக மிச்சமிருக்கிற நல்ல கல்லீரலில் குறைஞ்சது 700 சிசி அளவாவது கதிர் அதிகம் படாமல் தப்பிக்கணும். இது நாங்க கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற விஷயம். அந்தக் கணக்குப் போடாமலே யாரும் "முடியும்"னும் சொல்லக்கூடாது, "முடியாது"ன்னும் சொல்லக்கூடாது.

10/
எஸ்பிஆர்டி யாருக்குப் பொருந்தும்? கட்டி சின்னது, ஆனா ஆபரேஷனுக்கு உடம்பு இடம் கொடுக்கலை. ஊசி விட்டு சுட்டு அழிக்கலாம்னா (ஆர்எஃப்ஏ, மைக்ரோவேவ்) பெரிய ரத்தக்குழாய் ஒட்டியிருக்கு, அந்த ரத்த ஓட்டம் சூட்டை இழுத்துக்கும். இல்ல ஊசி எட்டாத மேல்மூலையில் இருக்கு. இந்த மாதிரி ஆட்களுக்கு நல்ல வாய்ப்பு. சரியா தேர்ந்தெடுத்த சின்ன கட்டிகளில், ரெண்டு வருஷம் கழிச்சும் 10-ல 8, 9 பேருக்கு அந்தக் கட்டி அதே இடத்துல திரும்ப வளர்றதில்லை.

கவனிங்க: "அந்தக் கட்டி". சிரோசிஸ் கல்லீரலில் வேற இடத்துல புதுசா வரலாம். அதனால "ஒரே தடவையில குணம்"னு யாராவது அடிச்சுச் சொன்னா கொஞ்சம் எச்சரிக்கையா இருங்க.

11/
கட்டி ரத்தக்குழாய்க்குள்ள புகுந்தவங்களுக்கு? முன்னாடி இதை கைவிட்ட கேஸா பார்த்தாங்க. தென்கொரியாவில் 90 பேரை வெச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2018-ல் வெளியாச்சு. டேஸ் என்ற ரத்தக்குழாய் வழி சிகிச்சையோட கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தாங்க. 12 வாரத்தில் நோய் முத்தாம இருந்தவங்க அந்தக் குழுவில் 86.7%. சொராஃபெனிப் மாத்திரை மட்டும் எடுத்தவங்களில் 34.3%.

12/
வட அமெரிக்காவில் தொடங்கின ஆர்டிஓஜி 1112 ஆய்வில் 177 பேர். சொராஃபெனிப் மட்டும் எடுத்தவங்க நடுமட்டமா 12.3 மாசம் வாழ்ந்தாங்க. எஸ்பிஆர்டியும் சேர்த்துக் கொடுத்தவங்க 15.8 மாசம். நோய் முத்தாம இருந்த காலம் 5.5 மாசத்திலிருந்து 9.2 மாசமாச்சு.

நேர்மையா ரெண்டு குறையையும் சொல்லணும். ஆய்வு பாதியிலேயே ஆள் சேர்ப்பதை நிறுத்திடுச்சு. அதனால ஆயுள் வித்தியாசம் புள்ளியியல் கோட்டை நூலிழையில் தவறவிட்டுச்சு. ரெண்டாவது, இன்னிக்கு முதல் தேர்வு சொராஃபெனிப் இல்லை. அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி கூட்டு மருந்துகள். அதனால "கரண்டா, ஊசியா" என்பது இப்ப "எதை எப்போ, எதோட சேர்த்து" என்ற கேள்வியா மாறியிருக்கு.

13/
ரெண்டாவது வகை: உள்ளேயிருந்து கொடுக்கிற கதிர்வீச்சு. பேர் டேர், இல்லன்னா ஒய்-90.

நல்ல கல்லீரலுக்கு ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியா வருது. கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடிச்சு வளருது. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி, தொடையிலயோ மணிக்கட்டிலயோ உள்ள ரத்தக்குழாய் வழியா மெல்லிய டியூபை விட்டு, இட்ரியம்-90 பூசின கண்ணுக்குத் தெரியாத குண்டுமணிகளை கட்டிக்குப் போற தமனியில் விடுவாங்க. அதன் கதிர் சராசரியா 2.5 மில்லிமீட்டர்தான் ஊடுருவும். 64 மணி நேரத்தில் சக்தி பாதியாகும். இதைச் செய்பவர் என்னைப் போன்ற ஆள் இல்லை; இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டும் நியூக்ளியர் மெடிசின் டாக்டரும் சேர்ந்து செய்வாங்க.

14/
இதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை உண்டு. குண்டுமணிகள் நுரையீரலுக்கோ வயித்துக்கோ ஓடிடுமான்னு சோதனை மருந்தை விட்டுப் பார்ப்பாங்க. ஓடினா சிகிச்சை ரத்து. ஒத்திகைக்கு மட்டும் செலவாகி சிகிச்சை நடக்காமலும் போகலாம். இதை முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

பலன்? ஒரே கட்டி, 8 செ.மீ. வரைக்கும், கல்லீரல் நல்லா இருக்குன்னா நல்ல முடிவுகள் இருக்கு. 2022-ல் புதுப்பிச்ச பார்சிலோனா வழிகாட்டியிலும் இடம் பிடிச்சிருச்சு. ஆனா முத்தின நோயில், சாரா, சர்வ்நிப் என்ற ரெண்டு பெரிய ஆய்விலும் சொராஃபெனிப் மாத்திரையை விட ஆயுளைக் கூட்டலை. பக்க விளைவு மட்டும் குறைவு. அதே சமயம், ஒவ்வொருத்தருக்கும் அளவைத் தனியா கணக்கிட்டுக் கொடுத்தா பலன் கூடுதுன்னு அப்புறம் வந்த ஒரு சின்ன பிரெஞ்சு ஆய்வு காட்டுது. ஆக, "ஒய்-90 உண்டா?"ன்னு கேட்டா போதாது, "என் கட்டிக்கு எவ்வளவு டோஸ் போகும்னு கணக்குப் போடுவீங்களா?"ன்னும் கேட்கணும்.

15/
மூணாவது: புரோட்டான். எக்ஸ்ரே கட்டியைத் தாண்டியும் வெளியே போகும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்துல நின்னுடும். அதனால பின்னாடி இருக்கிற கல்லீரல் தப்பிக்கும். 2019 முதல் சென்னை தரமணியிலேயே இந்த மெஷின் இருக்கு. தென்கொரியாவில் 144 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சின, திரும்ப வந்த சின்ன கட்டிகளில் ஆர்எஃப்ஏவுக்கு இது சளைச்சது இல்லைன்னு தெரிஞ்சுது.

ஆனா சாதாரண எஸ்பிஆர்டியை விட புரோட்டான் அதிக நாள் வாழவைக்கும்னு பெரிய ஆய்வு எதுவும் இன்னும் நிரூபிக்கலை. கட்டி பெருசு, கல்லீரல் கொஞ்சம் பலவீனம், எஸ்பிஆர்டி கணக்கு இடிக்குது என்றால் யோசிக்கலாம். 3 செ.மீ. கட்டிக்கு நிலத்தை வித்து புரோட்டான் வைக்கணுமான்னு கேட்டா, என் பதில்: பெரும்பாலும் வேண்டாம்.

16/
நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். யாரும் விளம்பரம் பண்ணாத ஒன்னு.

கட்டி பெருசாகி கல்லீரலின் உறையை இழுக்கும்போது வலது விலாவுக்குக் கீழே, சில சமயம் தோள்பட்டை வரைக்கும் ஒரு வலி வரும். படுக்க முடியாது, சாப்பிட முடியாது. வேற எந்த வைத்தியமும் பலிக்காத நிலையில், கல்லீரலுக்கு ஒரே ஒரு தடவை 8 கிரே கொடுக்கலாம். கனடாவில் 66 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. கரண்ட் வெச்சவங்களில் 67% பேருக்கு ஒரு மாசத்தில் வலி நல்லா குறைஞ்சிருக்கு. மருந்து மட்டும் எடுத்தவங்களில் 22%.

17/
ஒரே நாள். வாந்தி வராம இருக்க முன்கூட்டியே மருந்து கொடுப்போம். இதுக்கு அதிநவீன மெஷின் தேவையில்லை. மாவட்டத்தில் இருக்கிற சாதாரண ரேடியோதெரபி மெஷின் போதும். செலவும் மேலே சொன்ன மூணோட ஒப்பிட்டா மிகக் குறைவு.

ஆனா "இனிமே ஒன்னும் பண்ணமுடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. லட்சம் ரூபாய் சிகிச்சைகளைப் பத்திப் பேச நேரம் ஒதுக்கற நாம, இந்த ஒரு நாள் சிகிச்சையைச் சொல்ல மறக்கிறோம். குணமாக்க முடியாது என்பது வேற, ஒன்னுமே செய்ய முடியாது என்பது வேற. மார்ஃபின் மாத்திரையும் அப்படித்தான். கடைசி நேரத்து மருந்துன்னு பயந்து ஒதுக்காதீங்க. முனகாம ஒரு ராத்திரி தூங்குறதும் வைத்தியம்தான்.

18/
சரி, இவ்வளவு வழி இருந்தும் ஏன் பலருக்கு இது காதில் விழறதில்லை? இதுதான் என் முக்கியமான ஆதங்கம்.

கல்லீரல் கேன்சருக்கு அறுவை சிகிச்சை, மாற்றுக் கல்லீரல், சுட்டு அழித்தல், ரத்தக்குழாய் வழி சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து என்று ஆறு வழி. இதையெல்லாம் ஒரே டாக்டர் செய்யறதில்லை. நீங்க முதல்ல யார் அறைக் கதவைத் தட்டுறீங்களோ, அவர் கையில் இருக்கிற வழிதான் முதல்ல பேச்சுக்கு வரும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பழக்கமானதை அவர் சொல்றார். நானும் அப்படித்தான்.

ஆனா ஒருத்தரோட ஆயுளை, அவர் எந்த லிஃப்டில் ஏறி எந்த மாடியில் இறங்கினார் என்பது தீர்மானிக்கக்கூடாது.

19/
இதுக்கு மருந்து டியூமர் போர்டு. சர்ஜன், கல்லீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், ஊசி மருந்து கொடுக்கிற ஆன்காலஜிஸ்ட், கதிர்வீச்சு மருத்துவர் எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்து உங்க ஸ்கேனைப் பார்த்துப் பேசற கூட்டம். பெரிய அரசு மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள், கேன்சர் மையங்கள் பலவற்றில் இது நடக்குது.

"என் கேஸை டியூமர் போர்டில் வெச்சாச்சா டாக்டர்?" இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இந்த இழையிலிருந்து எடுத்துக்கிட்டாலே எனக்கு சந்தோஷம்.

20/
"டாக்டர்கிட்ட கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாரே?" நியாயமான பயம். ஓபியில் வெளியே நூறு பேர் நிக்கிறாங்க, உங்களுக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். அதனால கேள்வியை வீட்டிலேயே பேப்பரில் எழுதிட்டுப் போங்க. "கூகிள்ல பார்த்தேன்"னு ஆரம்பிக்காதீங்க. "எங்களுக்குப் புரியலைங்க, ஒரு தடவை சொல்லுங்க"ன்னு ஆரம்பிங்க. கேள்விகள் இதோ:

21/
அ. இது கல்லீரலில் ஆரம்பிச்சதா, பரவி வந்ததா?
ஆ. சைல்டு-பியூ ஏவா, பியா, சியா?
இ. எத்தனை கட்டி? பெரியது எவ்வளவு? ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கா? கல்லீரலுக்கு வெளியே போயிருக்கா?
ஈ. ஆபரேஷனுக்கோ மாற்றுக் கல்லீரலுக்கோ வாய்ப்பு உண்டா? இல்லைன்னா எதனால இல்லை?

கடைசி கேள்வி முக்கியம். முழு குணத்துக்கு வாய்ப்புள்ளவரை முதல்ல சர்ஜன்தான் பார்க்கணும், நான் இல்லை. மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருக்கும்போது கட்டி வளராம பிடிச்சு வைக்கவும் எஸ்பிஆர்டியோ ஒய்-90யோ உதவும்.

22/
உ. எங்களுக்குக் கதிர்வீச்சு பொருந்துமா? பொருந்தாதுன்னா காரணம் கல்லீரலா, கட்டியோட இடமா, அளவா? இல்ல இந்த ஆஸ்பத்திரியில் வசதி இல்லையா?

இந்த நாலு காரணமும் ஒன்னு இல்லை. முதல் மூணு மருத்துவக் காரணம். நாலாவதுக்குத் தீர்வு ஒரு பஸ் டிக்கெட்டா இருக்கலாம். வசதி இல்லைன்னா "எங்கே போகலாம், ஒரு லெட்டர் தர்றீங்களா"ன்னு கேளுங்க. நல்ல டாக்டர் மறுக்க மாட்டார்.

23/
ஊ. இந்தச் சிகிச்சையோட நோக்கம் என்ன? குணமாக்கவா, தள்ளிப்போடவா, வலி குறைக்கவா?
எ. கட்டிக்குப் பக்கத்துல குடல், இரைப்பை, பித்தக்குழாய் இருக்கா? (குடல் ஒட்டியிருந்தா புண், ரத்தக்கசிவு அபாயம் உண்டு. டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும்.)
ஏ. இந்த மாதிரி கல்லீரல் கேஸுக்கு இங்க வழக்கமா செய்யறீங்களா? மூச்சு நகர்வை எப்படிக் கட்டுப்படுத்துவீங்க?
ஐ. இதைச் செய்யலைன்னா என்ன ஆகும்?

கடைசி கேள்வியைக் கேட்கவே நம்ம மக்கள் பயப்படுவாங்க. ஆனா அதற்கான பதில் தெரியாம மத்த எந்தப் பதிலையும் எடை போட முடியாது.

24/
போகும்போது கையில இருக்கவேண்டியவை: ட்ரிபிள் ஃபேஸ் சிடி அல்லது எம்ஆர்ஐயின் சிடி தட்டு. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படத்தை நாங்க பார்க்கணும். பழைய ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், ஏஎஃப்பி அளவு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், சாப்பிடுற எல்லா மருந்தும்.

எல்லா மருந்தும்னா கீழாநெல்லி, லேகியம், பொடி எல்லாம் சேர்த்து. திட்டுறதுக்காகக் கேட்கலை. கல்லீரல் என்சைம் ஏறினா எதனால ஏறுச்சுன்னு எங்களுக்குத் தெரியணும். குடியும் அப்படித்தான். "எப்பவாவது" என்றால் என்ன கணக்குன்னு சொல்லிடுங்க.

25/
ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாச்சான்னு பாருங்க. பி வைரஸ் உள்ளே இருந்தா, கதிர்வீச்சுக்குப் பிறகு அது திரும்ப சீறி எழலாம். அதனால முன்கூட்டியே வைரஸ் மாத்திரை ஆரம்பிப்போம். தினம் ஒரு மாத்திரை. இதை விட்டுட்டு கோடி ரூபாய் மெஷினில் படுக்கிறதில் அர்த்தமில்லை.

கூடவே, வீட்டில் மனைவி அல்லது கணவர், பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க எல்லாருக்கும் அந்த டெஸ்ட். இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி. கேன்சரையே தடுக்கிற தடுப்பூசி அது.

26/
இப்ப, எங்கே வேண்டாம்? சைல்டு-பியூ சி. மஞ்சள் காமாலை ஏறிக்கிட்டே போறவங்க. பிலிருபின் 2-ஐத் தாண்டினாலே யோசிப்போம். கல்லீரல் முழுக்க அள்ளித் தெளிச்ச மாதிரி கட்டிகள். நாள் முழுக்க படுக்கையில் இருக்கிறவங்க. இவங்களுக்கு எஸ்பிஆர்டியோ ஒய்-90யோ கொடுத்தா இருக்கிற நாளும் ஆஸ்பத்திரியில் கழியும்.

அங்கே "வேண்டாம்" என்று சொல்ற டாக்டர் கைவிடலை. உங்களைக் காப்பாத்துறார். எனக்குப் பிரச்சினை "வேண்டாம்" என்ற சொல் இல்லை. காரணம் சொல்லாத "வேண்டாம்".

27/
இன்னொன்னு, நம்ம ஊர் பழக்கம். "அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், கல்லீரல்ல கட்டின்னு மட்டும் சொல்லுங்க." பாசத்துல சொல்றீங்க, புரியுது. ஆனா மூச்சை அடக்கி ஒத்துழைக்க வேண்டியவர் அவர். வலி எவ்வளவுன்னு சொல்லவேண்டியவர் அவர். மூணு மாசம் கூடுதலா வாழ ஆஸ்பத்திரி அலையணுமா, இல்ல ஊர்லயே இருக்கணுமான்னு முடிவு பண்ணவேண்டியவரும் அவர்தான்.

பல அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிள்ளைங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்காங்க. ரெண்டு பக்கமும் நடிச்சுக்கிட்டே அந்தக் கடைசி மாசங்கள் போயிடக்கூடாது. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?"னு அவர்கிட்டயே கேட்கலாம். நாங்க பக்குவமா சொல்வோம்.

28/
காசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனா எந்தச் சிகிச்சைக்கு, எந்த மருத்துவமனையில், எவ்வளவு என்பது மாறும். அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி காப்பீட்டு டெஸ்க்கில் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. "மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் ஸ்கேனும் மருந்தும் சேர்த்தியா?"ன்னு எழுதி வாங்குங்க.

விலை அதிகமான சிகிச்சை உசத்தியான சிகிச்சை என்ற எண்ணத்தை விட்டுடுங்க. உங்க கட்டிக்கும் உங்க கல்லீரலுக்கும் பொருந்துறதுதான் உசத்தி. நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேளுங்க. கேன்சர் சிகிச்சைக்கு முன்னாடி ரெண்டாவது கருத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கறதால பெரும்பாலும் குடி முழுகிடாது. ஆறு மாசம் இழுத்தடிச்சா முழுகும்.

29/
சிகிச்சை முடிஞ்ச பிறகு ரெண்டு விஷயம்.

முதல் ஸ்கேன் வழக்கமா 3 மாசம் வாக்கில். அதில் "கட்டி இன்னும் இருக்கு"ன்னு எழுதியிருந்தா உடனே இடிஞ்சு போகாதீங்க. எஸ்பிஆர்டிக்குப் பிறகு செத்த கட்டி கூட பல மாசம் ஸ்கேனில் பளிச்சுன்னு தெரியும். மெதுவாத்தான் சுருங்கும். அந்த ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு நீங்க கரண்ட் வெச்ச விவரம் தெரியணும்.

ரெண்டாவது, முதல் நாலு மாசம் கவனம். கண் மஞ்சள், வயிறு உப்புறது, கறுப்பா மலம், ரத்த வாந்தி, காய்ச்சல், பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சு உளறுறது. இதில் ஒன்னு வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. அசதி வர்றது மட்டும் சகஜம்.

30/
சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம எல்லாருக்கும் நேரம் இல்லை, உண்மை. ஆனா "கல்லீரலுக்குக் கரண்ட் இல்லை" என்ற வரியை ஃபைலில் எழுதறதுக்கு முன்னாடி, பக்கத்து டிபார்ட்மென்டுக்கு ஒரு போன் போட்டுடலாம். குணமாக்கக் கேட்கலைன்னாலும், வலி குறைக்கவாவது கேளுங்க. எங்க பக்கமும் "முதல்லயே ஏன் அனுப்பலை"ன்னு முறைக்கிறதை விட்டுட்டு, வந்தவரைப் பார்ப்போம்.

31/
கடைசியா. தயவுசெய்து ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு மெசேஜில் அனுப்பி "கரண்ட் வைக்கலாமா"ன்னு கேட்காதீங்க. பதில் சொல்ல மனசில்லாம இல்லை. முழு ஸ்கேனையும், உங்க வயித்தைத் தொட்டுப் பார்த்தும், ரத்த ரிப்போர்ட்டை வெச்சும் முடிவெடுக்க வேண்டியதை செல்போனில் பார்த்துச் சொல்றது உங்களுக்குச் செய்யற துரோகம்.

அந்தப் போட்டோவுக்குப் பதிலா 21 முதல் 23 வரைக்கும் உள்ள கேள்விகளை ஒரு பேப்பரில் எழுதுங்க. உங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட கொண்டு போங்க. நோயாளியையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம், உள்ளே நாற்காலியில் உட்காரட்டும்.